கலங்கல் நீரில் கிடக்கும் கப்பல்கள்

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பவரைக் கண்டால், "என்ன, கப்பல் கவிழ்ந்துபோச்சா?" என்று கேட்பது தமிழ் பேசும் ஊர்களின் பழக்கம். கடலையே பார்க்காத ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு. சித்தூர் மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கும் பலமனேர் அப்படிப்பட்ட ஊர். தக்காளி, மாம்பழம், சுடுமண் கைவினை, சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே விடிய விடிய ஓடும் லாரிகள் என்று அதன் நாள்கள் நகர்கின்றன. கடலோடு அதற்கு இருக்கும் இயற்கையான உறவு ஒன்றே ஒன்று. அந்தப் பக்கத்துக் கௌண்டின்யா ஆறு மலையிறங்கிக் குடியாத்தம் வழியாகப் பாலாற்றில் சேர்கிறது. பாலாறோ, தண்ணீர் ஓடும் ஆண்டுகளில், டச்சுக்காரர்களின் கோட்டை நிற்கும் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வங்காள விரிகுடாவில் விழுகிறது. தண்ணீரோடு பலமனேர் மண்ணும் கொஞ்சம் போகும். அந்த மண்ணைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட மேட்டுநிலத்து ஊர்களில் இருப்பவர்களும் மூழ்கிய கப்பல்களைப் பற்றிய ஆவணப்படங்களை இரவு வெகுநேரம் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். நானும் பார்ப்பவன்தான். நீந்தத் தெரியாதவர்கள்கூட 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கின் முன்முனைக் கைப்பிடிக் கம்பிகளை அடையாளம் காண்பார்கள். ஏன் இந்த ஈர்ப்பு? அடுத்தவர் சாவை வேடிக்கை பார்க்கும் குணம் என்பது எளிதான பதில். புதையலாசை என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எல்லாக் கப்பலிலும் சாவு உண்டு, பல கப்பல்களில் சரக்கும் உண்டு. அவற்றில் ஒருசிலதான் படமாகின்றன, மற்றவை ஆவதில்லை. அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தண்ணீரின் தெளிவு என்பது என் கருத்து.

இந்த வகைப் படங்களின் தொடக்கத்தைப் பார்த்தாலே அது விளங்கும். ஜாக் குஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' 1956-இல் வெளிவந்து, கான் திரைப்பட விழாவின் தங்கப் பனையையும் ஆஸ்கரையும் வென்றது. அதில் குஸ்தோவின் குழு இறங்கிக் காட்டும் கப்பல் திசில்கார்ம். ஆங்கிலேயரின் சரக்குக் கப்பல். 1941 அக்டோபரில் ஜெர்மானிய விமானங்களின் குண்டுவீச்சில் செங்கடலின் வடமுனையில் மூழ்கியது. ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம்தான். உள்ளே படைக்கு அனுப்பிய மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. லாரிகள், துப்பாக்கிகள், ரப்பர் பூட்ஸ்கள் எல்லாம் இருக்கின்றன. இன்றைக்கும் உலகத்தில் அதிகம் பேர் டைவ் செய்யும் கப்பல்களில் அது ஒன்று. செங்கடலில் ஆண்டு முழுவதும் ஓடி விழும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வண்டல் இல்லை, அதனால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கிறது. குஸ்தோவின் கேமராவுக்கு அந்தக் கடல் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்டது.

வங்காள விரிகுடாவுக்கு இந்தச் சலுகை இல்லை. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை, காவிரி எல்லாம் ஆளுக்கொரு மூட்டை மண்ணோடு வந்து சேரும் கடல் இது. கரையோரத்தில் பருவக்காற்று அடிமண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கிறது. மீனவர்கள் நாளைக் குறிக்கும்போதே தெளிவு, கலக்கு என்று பிரித்துப் பேசுகிறார்கள். அவர்களுக்குக் கலக்கும் தேவைதான், சில மீன் அதில்தான் வலைப்படும். கேமராக்காரனுக்கு மட்டும் கலக்கு ஆகாது.

நம் கடலில் தெளிவு வாய்த்த இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கப்பல்களும் கதைகளும் உடனே முன்னால் வந்து நிற்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரை அதில் முதன்மையானது. தென்மேற்குப் பருவக்காற்றை மலைநாடு தடுத்துவிடுவதால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் அமர்ந்து கிடக்கும். மட்டக்களப்புக்கு எதிரே, ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில், எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் இருக்கிறது. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1918-இல் கட்டத் தொடங்கியும் சேவைக்கு வந்தது 1924-இல். அதற்குள் ஜப்பானின் ஹோஷோ முந்திக்கொண்டது. 18 ஆண்டுகள் கழித்து ஹெர்மிஸை மூழ்கடித்ததும் ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து பறந்து வந்த விமானங்கள்தான்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பைக் குண்டு வீசித் தாக்கிய ஜப்பானியப் படை, 9-ஆம் தேதி திருகோணமலைக்கு வந்தது. தாக்குதல் வரப்போவதை முன்பே அறிந்து துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாள் இரவே வெளியேற்றியிருந்தார்கள். ஹெர்மிஸ் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வாம்பயரோடு கரையை ஒட்டித் தெற்கே போனது. விமானந்தாங்கியில் அன்று ஒரு விமானம்கூட இல்லை, எல்லாம் கரையில் இருந்தன. காலையில் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று அதைக் கண்டுவிட்டது. பத்தரை மணிக்கு மேல் தொடங்கிய தாக்குதலில் கப்பல் நிமிடக் கணக்கில் மூழ்கியது. கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோ உள்பட 307 பேர் இறந்தார்கள். வாம்பயரும் போயிற்று. அக்கம்பக்கத்தில் இருந்த ஹாலிஹாக் என்ற சிறு போர்க்கப்பலும், பிரிட்டிஷ் சார்ஜன்ட், ஏதல்ஸ்டேன் என்ற கப்பல்களும் அதே நாளில் மூழ்கின. தண்ணீரில் தத்தளித்த அறுநூறு பேர்வரை கரைசேர்த்தது வீட்டா என்ற மருத்துவக் கப்பல். பிரிட்டிஷ் சார்ஜன்ட் ஆழம் குறைந்த இடத்தில் கிடப்பதால் இன்று சாதாரண டைவர்கள் அதைப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஹெர்மிஸைப் பார்ப்பது அவ்வளவு எளிதல்ல. தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 53 மீட்டரில் மேலே நாம் தாங்குவதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் அந்த ஆழத்தில் நைட்ரஜன் கள் குடித்தவனைப்போல் ஆளை மயக்கும். அளவுமானியைப் பார்ப்பார்கள், எண் தெரியும், பொருள் மண்டையில் ஏறாது. அதோடு நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். சட்டென்று மேலேறினால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் குமிழிகளாக வெளிவந்து மூட்டையும் நரம்பையும் தாக்கும். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர் எல்லை வைத்திருப்பது இதனால்தான். ஹெர்மிஸுக்கு இறங்குபவர்கள் ஹீலியம் கலந்த வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். கீழே இருபது நிமிடம் இருக்க வேண்டுமென்றால், அதைவிட அதிக நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். ஆவணப்படம் இந்தக் காத்திருப்பை வெட்டிவிடும். அந்தரத்தில் தொங்கும் அந்த வெற்று நேரத்தையும் சேர்த்துத்தான் டைவர்கள் கப்பலைப் பார்ப்பதாகக் கணக்கு வைக்கிறார்கள். படம் பார்ப்பவரின் ஈர்ப்பும் இறங்குபவரின் ஈர்ப்பும் பிரிவது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஏப்ரல் வாரத்தில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. வங்காள விரிகுடாவில் இன்னொரு ஜப்பானியக் கப்பல்படை இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. சென்னை மாநகரம் பயந்து, மூட்டை முடிச்சோடு ரயிலிலும் மாட்டுவண்டியிலும் உள்நாட்டுக்குக் கிளம்பியது. கடலிலிருந்து தள்ளி நிற்கும் ஊர்களுக்குக் கப்பல் மூழ்குவது என்றால் என்னவென்று தெரிந்த வாரம் அது. மூழ்கிய அந்த வணிகக் கப்பல்களைத் தேடி நம் மொழியில் படம் எடுத்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை.

தெளிந்த நீர் எப்படிக் கதை உண்டாக்கும் என்பதற்கு இலங்கையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956-இல் திருகோணமலையின் கோணேசர் மலையடியில் மூழ்கினார்கள். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இடித்துத் தள்ளிய திருக்கோணேச்சரத்தின் தூண்களும் கற்களும் அங்கே கிடப்பதைக் கண்டு எழுதினார்கள். கரையில் இருந்த தமிழர்களுக்கு அது புதுச் செய்தியல்ல, அந்தப் பாறைக்கு அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பூசை செய்து வந்தவர்கள். உலகத்துக்குத்தான் புதிது, படம் எடுத்துக் காட்டியதால். அதே வில்சன் 1962-இல் எடுத்த 'ரன் முத்து துவ' சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப்படம். கடலடிக் காட்சிகள்தான் அதன் பெரிய கவர்ச்சி.

அதற்கு முந்தைய ஆண்டு, 1961-இல், இலங்கையின் தென்கிழக்கில் பெரிய பாசஸ் என்ற பாறைத்திட்டில் வில்சனும் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் படப்பிடிப்புக்காக மூழ்கியபோது வெள்ளிக் காசுகளைக் கண்டார்கள். உள்ளூர்க்காரர்கள் மகா இராவணன் கோட்டை என்று சொல்லும் இடம் அது. காசுகள் சூரத் நாணயச்சாலையில் ஔரங்கசீப் பெயரில் அடித்தவை, ஹிஜிரி 1113 என்று ஆண்டிட்டவை. அதாவது 1702-ஐ ஒட்டியவை. பையில் கட்டிப் போட்டபடியே காசுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாக இறுகியிருந்தன. பை மக்கிப் போய்விட்டது, பையின் வடிவம் மட்டும் நின்றது. கிளார்க் 1964-இல் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். புதையல் கதை என்று அதை எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். என்னைக் கவர்வது அந்தக் கட்டிகள்தான். யாரோ ஒரு கணக்கர் எண்ணி, பையில் போட்டு, வாயைக் கட்டி ஏற்றியனுப்பிய தொகை, பிரிக்காமலே 260 ஆண்டு கிடந்திருக்கிறது.

இனி நம் கலங்கல் நீருக்கு வரலாம்.

காவிரி கடலோடு சேரும் பூம்புகாரில், கோவாவைச் சேர்ந்த தேசியக் கடலாய்வு நிறுவனமும் தமிழ்நாடு தொல்லியல் துறையும் சேர்ந்து 1980-களிலிருந்து கடலடி ஆய்வு நடத்தின. சங்க காலத்துப் புகார் நகரின் எச்சங்களைத் தேடுவதுதான் நோக்கம். தேடியது நகரம், 1991-இல் கிடைத்தது ஒரு கப்பல். ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில், மண்ணில் புதைந்தும் புதையாமலும் கிடந்த அதிலிருந்து ஈயக் கட்டிகளை எடுத்தார்கள். சிலவற்றில் 'டபிள்யூ பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்திருந்தன. பிளாக்கெட்டுகள் வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்களை வைத்திருந்த குடும்பம். அங்கே மலையில் வெட்டி, உருக்கி, வார்த்து, ஆண்டு பொறித்து அனுப்பிய ஈயம் காவிரி முகத்துவாரத்தில் வந்து படுத்திருக்கிறது. துப்பாக்கிக் குண்டுக்கும், கப்பல் அடியில் தகடு அடிக்கவும், குழாய்க்கும், தேயிலைப் பெட்டியின் உள்தகட்டுக்கும் அந்தக் காலத்தில் ஈயம் வேண்டும். சில கல் தெற்கே டேனியரின் தரங்கம்பாடி, வடக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி, அதற்கும் வடக்கே ஆங்கிலேயரின் சென்னை. கட்டியில் வார்த்தவர் பெயர் இருக்கிறது. ஏற்றிவந்த கப்பலின் பெயரையோ மாலுமிகளின் பெயரையோ கட்டி சொல்லாது.

இந்தக் கப்பலை நீங்கள் எந்தத் தொலைக்காட்சியிலும் பார்த்திருக்க முடியாது. முதற்காரணம் எளிது: பார்க்க எதுவும் தெரியாது. அந்தக் கடலில் பல நாள்களில் கையை நீட்டினால் விரல்நுனி மறைந்துபோகும். சைட் ஸ்கேன் சோனார் கருவி ஒலியைப் பக்கவாட்டில் அனுப்பி, எதிரொலியைக் கொண்டு தரையில் ஏதோ மேடு இருக்கிறது என்று காட்டும். அதற்கு மேல் டைவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தரையில் அளவுநாடாவை விரித்து, தடவித் தடவி, இது மரம், இது இரும்பு, இது கட்டி என்று சிலேட்டில் குறித்துக்கொண்டு வர வேண்டும். தொல்லியலாளர் அறிவது தொடுவதால். நாம் திரையில் பழகிய கப்பல் பார்வைக்கு உரியது. இரண்டும் ஒரே துறைபோலத் தோன்றினாலும், சமையலறையில் தயிர் உறைந்ததா என்று விரலால் தொட்டுப் பார்ப்பதற்கும் பத்திரிகையில் சமையல் படம் பார்ப்பதற்கும் உள்ள தொலைவு நடுவில் இருக்கிறது.

கலங்கலுக்கு இன்னொரு முகமும் உண்டு. வெதுவெதுப்பான, உப்பான, உயிர்வளி நிறைந்த கடலில் மரக்கப்பலை அரிப்பது கப்பல்புழு. புழு என்று சொன்னாலும் அது சிப்பியினம். மரத்தைத் துளைத்துத் தின்றே வாழும். சில பத்தாண்டுகளில் ஒரு கப்பலைச் சல்லடையாக்கிவிடும். 1628-இல் ஸ்டாக்ஹோமில் கிளம்பிய சற்று நேரத்தில் கவிழ்ந்த வாசா, 1961-இல் ஏறத்தாழ முழுதாகத் தூக்கும்படி இருந்ததற்கு, பால்டிக் கடலின் உப்புக் குறைவான நீரில் இந்தப் புழு வாழ முடியாததே பெரிய காரணம். 2022-இல் அண்டார்டிகாவின் வெட்டல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில் துருவப் பயணி ஷேக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் பெயரெழுத்துகள் அழியாமல் கிடைத்ததும் அங்கே இப்புழுக்கள் இல்லாததால்தான். நம் கடலில் இப்புழுவிடமிருந்து மரத்தைக் காக்கக் கூடியது மண் ஒன்றே. வண்டலில் புதைந்த பகுதிக்கு உயிர்வளி போகாது, புழுவும் போகாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் மண் கப்பலை மறைக்கிறது, அந்த மறைப்பே அதைக் காக்கிறது. முதலில் சொன்ன பலமனேர் மண்ணுக்கும் இதில் ஒரு சிட்டிகைப் பங்கு இருக்கலாம்.

புழுவும் துருவும் தின்னாததில் முதல் இடம் பானைக்கு. இலங்கையின் தென்கரையில் கொடவாயவுக்கு எதிரே, 30 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில், உள்ளூர்க் குளியாளிகள் 2003-இல் மேலே கொண்டுவந்த பொருள்களிலிருந்து ஒரு பழங்கப்பல் வெளிப்பட்டது. இதுவரை அறிந்ததில் இந்துமாக்கடலின் மிகப் பழைய கப்பல் அதுதான். மரத்துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு அதைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 1-ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வைக்கிறது. இலங்கைத் தொல்லியலாளர்களும் பன்னாட்டுக் குழு ஒன்றும் சேர்ந்து ஆய்ந்தார்கள். கண்ணாடிக் கட்டிகள், உலோகக் கட்டிகள், அரைக்கும் கல், பானைகள். பானைகளில் கருப்பு-சிவப்பு வகையும் உண்டு. கொடுமணலிலும் அரிக்கமேட்டிலும் கீழடியிலும் நாம் கண்ட அதே குடும்பம். சுடுமண்ணில் கை பழகிய பலமனேர்க் கைவினைஞர் ஒருவர் அந்த ஓட்டைக் கையில் வாங்கினால், எந்தப் பக்கம் நெருப்புப் பட்டது, எந்தப் பக்கம் காற்று அடைபட்டது என்று சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். கப்பல் எப்படி மூழ்கியது என்பதை ஓடு சொல்லாது. எப்படி மூழ்கியது என்ற கேள்விமேல்தான் ஆவணப்படங்கள் முக்கால் மணிநேரத்தைக் கட்டுகின்றன. புயல் காட்சி, இடிமுழக்க இசை, கேப்டனின் தவறு. தொல்லியலாளருக்கு அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. எதை, எங்கிருந்து, யாருக்காக ஏற்றினார்கள் என்பதற்கே கிடைக்கிறது, அது அவருக்குப் போதும்.

தெளிந்த நீரும் பேரார்வமும் சேர்ந்தால் கப்பலுக்கு ஆபத்தும் சேரும். ஜாவாக் கடலில் 1942-இல் மூழ்கிய டச்சுப் போர்க்கப்பல்களான டி ராய்ட்டர், ஜாவா ஆகியவற்றை டைவர்கள் 2002-இல் கண்டுபிடித்தார்கள். 2016-இல் போய்ப் பார்த்தபோது தரையில் கப்பல் படுத்திருந்த பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காகவும் வெண்கலத்துக்காகவும் வெட்டித் தூக்கிப் போயிருந்தார்கள். அவை மாலுமிகளின் கல்லறைகளும்கூட. மனிதக் கையே வேண்டாம் என்று கடலும் சில வேளை எடுத்துக்கொள்ளும். 1659-இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய டச்சுக் கப்பல் ஆவொன்ட்ஸ்டரிலிருந்து பல ஆண்டு உழைத்து எடுத்த பொருள்களில் பலவற்றை, கரையிலிருந்த பாதுகாப்புக் கூடத்தோடு சேர்த்து 2004 டிசம்பர் 26 சுனாமி வாரிக்கொண்டு போனது.

நம் காலமும் தன் பங்குக்கு ஒரு கப்பலை இட்டுவிட்டது. எக்ஸ்-பிரஸ் பேர்ல் 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து, ஜூன் 2-இல் மூழ்கத் தொடங்கியது. 1,486 கன்டெய்னர்கள். அவற்றில் நைட்ரிக் அமிலமும், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மணிகள் ஆயிரம் டன்னுக்கும் மேலாகவும் இருந்தன. மணிகள் அலையலையாகக் கரையொதுங்கின. பலமனேர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளில் இருப்பதும் இதே வகைச் சரக்கு. இரண்டாயிரம் ஆண்டு கழித்து அந்தக் கடற்கரையைத் தோண்டுபவருக்கு, கொடவாயப் பானைபோல, இந்த மணியே நம் அடையாளமாக இருக்கும்.

இந்தியாவில் கடலடித் தொல்லியலுக்கென்று இந்தியத் தொல்லியல் துறை தனிப்பிரிவு தொடங்கியது 2001-இல்தான். அடுத்த ஆண்டே அது லட்சத்தீவின் பங்காரத்தில் பிரின்சஸ் ராயல் என்ற கப்பலை அகழ்ந்தது. லட்சத்தீவின் தண்ணீர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேல் நீரில் கிடப்பவற்றைக் காக்கும் யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. சேர்ந்தால் மட்டும் பூம்புகார்க் கடல் தெளிந்துவிடாது என்பது உண்மை. ஆனாலும் பொருளைக் கிடந்த இடத்திலேயே காப்பது முதல் வழி, வணிகத்துக்காகப் பிரித்து விற்கக் கூடாது என்ற அதன் இரண்டு நெறிகளும் நமக்கு உடனே தேவைப்படுபவை.

2025 செப்டம்பரில் தமிழ்நாடு தொல்லியல் துறை பூம்புகார்–நாகப்பட்டினம் கடலில் மீண்டும் ஆய்வைத் தொடங்கியது. அதிலிருந்து ஓர் அழகான நீலநிறப் படத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். சோனார் பதிவுகளும், கையால் தடவி வரைந்த தள வரைபடங்களும், எடுத்த ஒவ்வொரு பொருளின் பட்டியலும் தமிழில், எல்லாருக்கும் கிடைக்கும்படி வெளிவர வேண்டும். பூம்புகாரில் ஆழ்கடல் அகழ்வைப்பகம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பிளாக்கெட் பெயர் பொறித்த ஈயக் கட்டியின் எடை மாறாத நகல் ஒன்றை அங்கே கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே வைத்து, வருகிறவர்களைக் கையால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.